வளவுக் கல்லில் வெள்ளை வட்டங்கள் – எந்த அசிட் நல்லது?

உவர்மலை வளவு:
திருகோணமலை உவர்மலையில் பலருடைய வளவில் இருப்பது போல எங்கள் வீட்டு முன்பக்கமும் ஒரு பெரிய கல் கிடக்கிறது. ஆள் உயரம் வரும். அப்பா வீடு கட்டுகிற காலத்தில் அதை உடைக்கப் பார்த்து, உளி மழுங்கினதுதான் மிச்சம், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு மதிலை அதைச் சுற்றி வளைத்துக் கட்டினார். இப்போது அதன் மேலெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக வட்டம் வட்டமாக, தேமல் வந்த முதுகு மாதிரி. ஒரு பக்கம் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள். உச்சியில் செம்மஞ்சள் பொட்டுகள். ஆவணியில் மகளின் சாமத்திய வீடு, கனடாவிலிருந்து அண்ணன் குடும்பமும் வருகிறது, பந்தல் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பிரஷர் மெசின் அடித்து, அசிட் ஊற்றி, வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை அடித்தால் நீட்டாக இருக்கும் என்கிறார். எந்த அசிட் நல்லது? கல் பழுதாகுமா? இது என்ன, பூஞ்சணமா? பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள், ஏதும் ஒவ்வாமை வருமா?

தும்புத்தடி:
அசிட் என்ற கதையே வேண்டாம். எங்கள் கிணற்றடிப் படியில் இதே மாதிரித் திட்டுகள் இருந்தன, போன வருசம் அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவரைப் பிடித்து பாத்ரூம் கழுவுகிற அசிட் ஊற்றுவித்தேன். சீமெந்து நுரைத்துக்கொண்டு கரைந்து, மேல்பூச்சு போய், மணல் மணலாகக் கையோடு வந்தது. அதுகூடப் பரவாயில்லை. மார்கழி மழையில் அதே படியில் பச்சையாக ஒரு வழுவழுப்புப் படர்ந்தது, முதல் ஆளாக நான்தான் விழுந்தேன். முழங்கை இன்றைக்கும் குளிருக்குக் குத்துகிறது. பழைய சாம்பல் திட்டுகள் இருந்த பதினைந்து வருசமும் அந்தப் படியில் ஒருத்தரும் வழுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கிண்ணியா நானா:
புரியாணிக்குப் போடுகிற கல்பாசி இதுதானே? இந்தியச் சாமான் கடையில் ஒரு சின்னப் பைக்கற் என்ன விலை தெரியுமா? சுரண்டுவதென்றால் கீழே ஒரு பேப்பரை விரித்துவிட்டுச் சுரண்டுங்கள். பாதி எனக்கு.

சங்குப்பூ:
நானா, அந்தப் பேப்பரைச் சுருட்டி வையுங்கள். கல்பாசி என்று விற்பது பார்மோட்ரீமா என்கிற சாதி. குளிர்ந்த மலைக்காட்டில் மரத்திலும் கல்லிலும் இலை இலையாக வளர்வது, மேலே வெளிறல், அடியில் கறுப்பு, காய்ந்தால் சுருளும். செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெயில் பட்டதும் வாசம் வரும். தம்பியின் கல்லில் இருப்பது அதற்குச் சொந்தக்காரன், அது இல்லை. சொந்தம் என்பதற்காக வாயில் போட முடியாது. இவற்றுக்கு வேர் கிடையாது, மழையிலும் காற்றிலும் வருகிற எல்லாவற்றையும் உடம்பு முழுக்க உறிஞ்சி வைத்திருக்கும், வாகனப் புகையில் வருகிற உலோகம் உட்பட.

உவர்மலைத் தம்பிக்கு: அது அழுக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. லைக்கன். பள்ளிக்கூடத்தில் இலைக்கன் என்று படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு அடுத்த நாள் மறந்திருப்பீர்கள். ஒரு பங்கசும் (பூஞ்சணச் சாதி) ஓர் அல்காவும் (பாசி; சிலதில் அதற்குப் பதில் சயனோபற்றீரியா என்கிற, வெயிலில் சமைக்கத் தெரிந்த பற்றீரியா) சேர்ந்து ஒரே உடம்பாக இருப்பது. பங்கசு வீட்டைக் கட்டுகிறது, அல்கா உள்ளே இருந்து சமைக்கிறது என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். 1860களின் கடைசியில் சுவிற்சர்லாந்துக்காரர் ஷ்வெண்டனர் இது இரண்டு உயிர் சேர்ந்தது என்று சொன்னபோது அன்றைக்கு லைக்கனில் பெரிய ஆளாக இருந்த நைலாண்டர் போன்றவர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அதுவும் போதாது, பல லைக்கன்களின் மேல்தோலுக்குள் ஒரு மதுவமும் (ஈஸ்ட்) குடியிருக்கிறது என்று 2016இல் கண்டிருக்கிறார்கள். கூட்டுக்குடும்பம்தான்.

ஒவ்வாமை பற்றி: காட்டில் நாள் முழுக்க மரம் வெட்டுகிறவர்களில் சிலருக்குத் தோல் அரிப்பு வருவதுண்டு. கல்லில் ஏறி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால் உரசுவதைத் தவிர வேறு பயமில்லை.

உவர்மலை வளவு:
நன்றி டீச்சர். ஆனால் இது சும்மா சுண்ணாம்புத் தெறியோ பழைய பெயின்டோ இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்பா ஒருமுறை மதிலுக்கு வெள்ளை அடித்தபோது கல்லிலும் தெறித்தது எனக்கு ஞாபகம்.

கச்சான்கொட்டை:
அங்கிள், ஒரு கோப்பையில் தண்ணீரும் உங்கள் போனும் எடுத்துக்கொண்டு போங்கள். விரலை நனைத்து அந்த வெள்ளை வட்டத்தில் இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிசம் பொறுங்கள். பெயின்ட் என்றால் நனைந்த பெயின்ட், அவ்வளவுதான். லைக்கன் என்றால் அந்தச் சொட்டு விழுந்த இடம் மட்டும் பச்சையாகத் திரும்பும். காய்ந்திருக்கும்போது மேல்தோல் வெளிறிப்போய் உள்ளே இருப்பதை மறைக்கிறது, நனைந்ததும் அது கண்ணாடி மாதிரி ஆகி அல்காவின் பச்சை வெளியே தெரிகிறது. கம்பஸில் முதன்முதல் இதைக் காட்டினபோது நான் பக்கத்தில் இருந்தவளின் கையைக் கிள்ளிவிட்டேன்.

அப்புறம் போன் கமராவைக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். கிட்ட எடுக்கக் கஷ்டம் என்றால், பழைய சீடி பிளேயரில் இருக்கிற குட்டி வில்லையைக் கழற்றி போனில் டேப் போட்டு ஒட்டினால் போதும், நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

உவர்மலை வளவு:
பின்னேரம் ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். மகளும் கூட வந்தாள்.

பச்சையாகிறது!! வெற்றிலை நிறம் இல்லை, காய்ந்த முருங்கையிலையை நனைத்தால் வருகிற நிறம். இரண்டு வட்டம் பச்சையானது, ஒன்று ஆகவே இல்லை, அதை நகத்தால் சுரண்டினால் தகடாக வந்தது, அதுதான் அப்பாவின் வெள்ளை.

கிட்டப் படத்தில் தெரிந்தது: வட்டத்தின் ஓரம் விரல் விரலாகப் பிரிந்து போகிறது, ஆனால் கல்லோடு இஸ்திரி போட்ட மாதிரிப் படிந்திருக்கிறது. நடுப்பக்கம் மாத்தூள் தூவினது போல. அதற்குள் கறுப்பாகக் குண்டூசித் தலை அளவு பொட்டுகள். இன்னொரு வகையில் அந்தப் பொட்டுகளைச் சுற்றி வெளிறிய ஒரு விளிம்பு எழும்பியிருக்கிறது, எறும்புகளுக்கு அப்பம் சுட்டு வைத்த மாதிரி. ஒரு மில்லிமீற்றர்கூட இராது. நாற்பத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்து அந்தக் கல்லில் ஏறி இறங்குகிறேன், இது தெரியாது.

சங்குப்பூ:
அந்த அப்பம்தான் பங்கசின் வித்தித் தட்டு. அதிலிருந்து பறக்கிற வித்தி பங்கசு மட்டும்தான், போய் விழுகிற இடத்தில் பொருத்தமான அல்கா கிடைத்தால்தான் குடித்தனம். மாத்தூள் என்றீர்களே, அது வேறு ஏற்பாடு: பங்கசு இழை கொஞ்சமும் அல்கா கொஞ்சமும் சேர்த்து உருட்டின பொட்டலங்கள். காற்றோ மழையோ எறும்போ கொண்டு போனால் சீதனத்தோடு போய் இறங்கும், துணை தேட வேண்டிய வேலை இல்லை.

நீங்கள் சொல்கிற முதல் வகை டிரினாரியாவாக இருக்கலாம், வெப்ப நாடுகளில் தென்னையிலும் கல்லிலும் நிறையக் காணப்படும் சாதி. ஆனால் படத்தைப் பார்த்து இனம் சொல்வது கைரேகை பார்ப்பது மாதிரி. இரசாயனம் தொட்டுப் பார்க்க வேண்டும், வெட்டி நுணுக்குக்காட்டியில் வித்தி பார்க்க வேண்டும். பேராதனைப் பூங்காவை நடத்திய த்வெய்ட்ஸ் சேர்த்துக் கொடுத்தவற்றை வைத்து லெய்ட்டன் என்பவர் 1870இலேயே இலங்கை லைக்கன்கள் என்று பட்டியல் போட்டார், அதற்குப் பிறகும் இன்றைக்குவரை புது இனம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை, முதலில் உருவத்தைப் பிரித்துப் பழகுங்கள். நகம் ஓரத்துக்கு அடியில் போகவே போகாது, கல்லோடு கல்லாகக் கிடக்கிறது என்றால் பொருக்கு வகை. ஓரம் கொஞ்சமாவது கிளம்பினால் இலை வகை. தொங்குவது, கிளைப்பது எல்லாம் புதர் வகை, அது எங்கள் வெயிலில் கல்லில் கிடைப்பது அருமை.

நிலாவெளிக் காற்று:
டீச்சர் அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் பக்கக் கல்லிலும் இருக்கிறது, யாரோ மை ஊற்றின மாதிரி.

கச்சான்கொட்டை:
அது எனக்குப் பிடித்த பகுதி, நான் சொல்லட்டுமா டீச்சர்? மழைத்தண்ணீர் வழிகிற பாதை அது. சிகிரியாவின் முகத்தில் ஒழுகும் கறுப்புக் கோடுகளும் பெரும்பாலும் இதே சங்கதிதான். பச்சை அல்கா வைத்திருக்கிற லைக்கனுக்குக் காற்றில் ஈரப்பதன் இருந்தாலே போதும், கடற்காற்றையும் விடியற்காலைப் பனியையும் குடித்து ஒரு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வெயில் ஏறினதும் படுத்துவிடும். சயனோபற்றீரியாவுக்கு அது போதாது, அதற்கு ஓடுகிற தண்ணீர், நனைகிற தண்ணீர் வேண்டும். அதனால்தான் வழிகிற கோட்டை விட்டு அது அசையாது. அந்தக் கோட்டில் வெறும் சயனோபற்றீரியாவும் இருக்கும், அதை வைத்து வாழ்கிற லைக்கனும் கலந்து இருக்கும், பெல்டுலா என்று ஒலிவ் மண்ணிறத்தில் குட்டிச் செதில்கள் மாதிரி ஒன்று, வறண்ட வெப்ப நாட்டுப் பாறைகளில் வளர்வது. இப்போது கச்சான் காற்றில் கருவாடாகக் கிடக்கும், தொட்டால் நொறுங்கும், தொடாதீர்கள். வாடை தொடங்கி முதல் மழைக்குப் பார்க்க வேண்டும், கோடு முழுக்க உப்பி ஊறிப் பளபளக்கும்.

உவர்மலை அங்கிள், உங்கள் கல்லில் வாடை மழை அடிக்கிற பக்கத்திலா கறுப்பு இருக்கிறது?

உவர்மலை வளவு:
ஓம் பிள்ளை, கடல் பக்கம், வடகிழக்கு. வெயில் கொளுத்துகிற மேற்குப் பக்கத்தில் கறுப்பே இல்லை, சாம்பல் வட்டம் மட்டும், அதுவும் ஐதாக. இவ்வளவு நாளும் அது வாகனப் புகை என்று நினைத்திருந்தேன்.

தும்புத்தடி:
புகை என்றதும் கேட்கிறேன், லைக்கன் இருந்தால் காற்று நல்லது என்கிறார்களே, உண்மையா?

சங்குப்பூ:
பாதி உண்மை. ஷ்வெண்டனரை எதிர்த்தார் என்றேனே, அதே நைலாண்டர்தான் 1866இல் பாரிஸ் நகரத்துக்குள் லைக்கன்கள் காணாமல் போகின்றன, லுக்சம்பேர்க் பூங்காவில் மட்டும் நிறையத் தப்பியிருக்கின்றன, இவை காற்றின் தரத்தைக் காட்டும் என்று எழுதினார். நிலக்கரிப் புகையில் வருகிற கந்தகவீரொட்சைட்டு பல இனங்களுக்கு ஆகாது. ஆனால் சில இனம் தூசியிலும் நைதரசனிலும் கொழுத்து வளரும். ஆகவே இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் எத்தனை வகை, எந்த வகை என்று பார்க்க வேண்டும். பிரதான றோட்டுக் கரை மதிலையும் உள் ஒழுங்கை மதிலையும் ஒரே நாளில் பார்த்து எண்ணுங்கள், அதுதான் வேலை.

தம்பியின் உச்சிச் செம்மஞ்சளும் அந்தச் சங்கதிதான் என்று நினைக்கிறேன். உச்சியில் என்ன குந்துகிறது?

உவர்மலை வளவு:
காகம். விடிய ஐந்தரைக்கே வந்துவிடும்.

சங்குப்பூ:
எச்சத்தில் நைதரசன். போதுமே.

நிலாவெளிக் காற்று:
அண்ணை, எங்கள் மதிலில் ஒரு விசித்திரம். பழைய மதில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். சுனாமியில் முன்பக்கம் முழுக்கப் போய், அடியில் முழங்கால் உயரம்தான் மிஞ்சினது. 2005இல் அதன் மேலேயே சீமெந்துக் கல் வைத்துக் கட்டினோம். இப்போது பார்த்தால் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நிற்கிறது: கீழே பழையதில் இடைவெளி இல்லாமல் சாம்பல், மேலே புதியதில் தனித்தனி வட்டங்கள். பெரியது ஐம்பது சத நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அம்மாவுக்குக் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, தண்ணீர் அதற்கும் மேலால் வந்தது என்று மட்டும் சொன்னா.

உவர்மலை வளவு:
தம்பி, அதை வாசித்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கள் உடுப்புத் தோய்க்கிற கல்லு சீமெந்தில் வார்த்தது, மேசன் ஆணியால் 14.2.96 என்று கீறி வைத்திருக்கிறார். அதில் இருக்கிற மிகப் பெரிய வட்டத்தை மகளின் அடிமட்டத்தால் அளந்தோம், 58 மில்லிமீற்றர். 29 வருசத்தில் 58 என்றால் வருசத்துக்கு இரண்டு. முன்வளவுக் கல்லில் இருக்கிற பெரிய வட்டம் 220 மில்லிமீற்றர். அப்படியென்றால் 110 வயது! அப்பப்பா காலத்துக்கு முந்தியது!

சங்குப்பூ:
கணக்கு வாத்தியார் கேட்டால் அழுவார். வட்டம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வளர்கிறது, விட்டத்தை எடுக்கக்கூடாது, ஆரையை எடுங்கள். 29 மில்லிமீற்றர், 29 வருசம், வருசத்துக்கு ஒரு மில்லிமீற்றர். அதுவும் ஆகக் குறைந்த கணக்கு, சீமெந்து காய்ந்த அன்றைக்கே யாரும் குடியேற மாட்டார்கள், புதுச் சீமெந்தின் காரம் குறைய வருசக்கணக்காகும். ஆகவே உண்மையான வேகம் அதைவிடக் கூட.

உங்கள் 110 என்ற விடை தற்செயலாக அதேதான் வருகிறது, ஆனால் அதை நம்பக்கூடாது. சீமெந்தில் இருப்பது சுண்ணாம்பு விரும்பி, கருங்கல்லில் இருப்பது வேறு இனம், வேகமும் வேறு. ஒரு பெரிய வட்டம் என்று நினைப்பது இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டினதாகவும் இருக்கும். பெஷல் என்ற ஒஸ்ரியாக்காரர் 1950 அளவில் அல்ப்ஸ் மலையில் இந்த முறையைக் கொண்டுவந்தபோதும் முதலில் திகதி தெரிந்த கற்களில் அதே இனத்தை அளந்து வைத்துக்கொண்டுதான் பனிப்பாறை எப்போது பின்வாங்கியது என்று சொல்லப் போனார். ஆனாலும் உங்கள் கல்லில் இருப்பது உங்களைவிட மூத்தது என்று நான் தைரியமாகப் பந்தயம் பிடிப்பேன்.

கிண்ணியா நானா:
சரி, புரியாணி இல்லை. வேறு உபயோகம்?

கச்சான்கொட்டை:
லிட்மஸ் தாள் நானா! அதன் சாயம் லைக்கனிலிருந்துதான் வந்தது. ரொசெல்லா என்று கரையோரங்களில் வளர்கிற ஒரு சாதி. அதை அமோனியாவில் வாரக்கணக்காக ஊற வைத்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அமோனியா எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாம், சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறீர்களோ தெரியாது.

கிண்ணியா நானா:
சாப்பிட்டுக்கொண்டுதான் வாசித்தேன்.

நிலாவெளிக் காற்று:
ஒரு சந்தேகம், லைக்கன் கல்லைத் தின்னும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அப்படியென்றால் கோயில் கல், கல்வெட்டு எல்லாம் என்னாகும்?

சங்குப்பூ:
நியாயமான கேள்வி. பங்கசு இழை கல்லின் மணிகளுக்கு இடையில் இறங்கும், ஒட்சாலிக் அமிலம் விடும், நனைந்து காய்ந்து சுருங்கும்போது மேல்தோலை மெல்ல இழுக்கும். ஆயிரக்கணக்கான வருசத்தில் மண் உண்டாவதில் அதற்கும் பங்குண்டு. எழுத்து இருக்கிற கல்லில் அது நட்டம்தான். ஆனால் அதற்காக யாரும் வயர் பிரஷ் எடுத்துக்கொண்டு கோட்டை வாசல் குளக்கோட்டன் கல்வெட்டுக்குப் போய்விடாதீர்கள், லைக்கன் நூறு வருசத்தில் செய்கிறதை பிரஷ் பத்து நிமிசத்தில் செய்துவிடும். அது தொல்பொருள்காரர் வேலை. வளவுக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது காப்பாற்ற?

உவர்மலை வளவு:
ஒரு கெட்ட செய்தி. சனிக்கிழமை நான் சந்தைக்குப் போன நேரம் அந்த ஆள் சொல்லாமல் வந்து மெசினைப் பூட்டிவிட்டார். வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன், அவருக்கு விளங்கவில்லையோ, விளங்காத மாதிரி இருந்தாரோ. மகள்தான் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டியிருக்கிறாள். மேற்குப் பக்கம் ஒரு பாய் விரிக்கிற அளவு துப்புரவாகப் போய்விட்டது. கல்லு அந்த இடத்தில் இறைச்சி நிறத்தில் தெரிகிறது, நான் அந்த நிறத்தைக் கண்டதே இல்லை. 220 தப்பியது. அரைக் கூலி கொடுத்து அனுப்பினேன்.

தும்புத்தடி:
அட கடவுளே. பெயின்ட்?

உவர்மலை வளவு:
பெயின்ட் வாளி மூடியோடு திரும்பிப் போயிற்று. அண்ணன் கனடாவிலிருந்து கேட்கிறார், பந்தலுக்குப் பக்கத்தில் பாதி வெளுத்து பாதி புள்ளியாக ஒரு கல் நின்றால் வீடியோவில் எப்படி இருக்கும் என்று. அதுவும் ஒரு கேள்விதான்.

சங்குப்பூ:
துணி கட்டி மறைக்கட்டும், மூன்று நாளுக்குமேல் மூடி வைக்காமல் இருந்தால் சரி. அந்த வெளுத்த இடத்தை வீணாக்க வேண்டாம். திகதி தெரிந்த வெறும் கல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. நாலு மூலையிலும் பென்சிலால் சிறு குறி வையுங்கள். தெளிவான பைல் கவரை வெட்டி, பக்கத்தில் தப்பின வட்டங்களின் ஓரத்தை அதன் மேல் மார்க்கரால் ஒற்றி எடுத்து, திகதி எழுதி வையுங்கள். அடுத்த வருசம் அதே நாள் அதே கவரை அதே குறியில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் அல்காதான் வரும், பச்சையாகவோ கறுப்பாகவோ. பயந்து கழுவிவிடாதீர்கள்.

தும்புத்தடி அக்கா கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நடக்கிற படியில் மட்டும் அந்தப் பச்சை வழுவழுப்பை உங்கள் பெயரில் இருக்கிற சாமானாலேயே தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். அசிட் தேவையில்லை.

உவர்மலை வளவு:
பைல் கவர் வேலை முடிந்தது. மகள் ஏழு வட்டம் ஒற்றியிருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருக்கிறாள், 220க்குப் பெயர் அப்பப்பா. அப்புறம் டீச்சர், அவசரம்! வெளுத்த இடத்தின் மேல் மூலையில், மூன்றே நாளில், வெள்ளையாக ஒரு புதுப் பொட்டு! ஒரு ரூபாய் அளவு! இவ்வளவு வேகமாகவா வரும்?

கச்சான்கொட்டை:
தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தீர்களா அங்கிள்?

உவர்மலை வளவு:
பார்த்தேன். கழுவுப்பட்டுப் போயிற்று.

காகம்.

சங்குப்பூ:
விரட்ட வேண்டாம். மேற்குப் பக்கத்துக்கும் செம்மஞ்சள் வருமோ பார்ப்போம்.